உடலும் தடயமும் கைமாறும் வழிக்கு ஒரு சொல்: ‘வசத்தொடர்’

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கொலையுண்டவரின் உடலும் அதிலிருந்து எடுக்கப்படும் மாதிரிகளும் யாரிடமிருந்து யாரிடம் சென்றன, இடையில் எங்கே, எந்த நிலையில் இருந்தன என்பதை விடுபடாமல் காட்டும் ஆவண வரிசையை ஆங்கில வழக்கில் ‘செயின் ஆஃப் கஸ்டடி’ என்கிறோம். இதற்கு இங்கே ‘காவல் சங்கிலி’, ‘பொறுப்புச் சங்கிலி’, ‘ஒப்படைப்புத் தொடர்’ என்ற மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. சொல்லைத் தேர்வதற்கு முன், அது எந்த நடைமுறையில் புழங்கப்போகிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாக உள்ள விதியின்படி, காவல் நிலையப் பொறுப்பதிகாரி நிர்வாக நடுவருக்குத் தகவல் கொடுத்துவிட்டு, உடல் கிடக்கும் இடத்துக்கே சென்று, அக்கம்பக்கத்தார் குறைந்தது இருவர் முன்னிலையில் காயங்களைக் குறித்து, சாவுக்கான வெளிப்படையான காரணத்தை எழுத வேண்டும். இதுவே பிரேத விசாரணை. நாளிதழ்கள் இதையும் மருத்துவர் செய்யும் பிரேதப் பரிசோதனையையும் அடிக்கடி குழப்புகின்றன என்பது தனியே பேச வேண்டிய செய்தி. கொன்றது யார் என்று தீர்மானிப்பது இந்த விசாரணையின் வேலை அன்று. சாவு தற்கொலையா, கொலையா, விபத்தா என அறிவதோடு அதன் எல்லை முடிகிறது என்று 1975இல் பெத்த நாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அதன் பிறகு உடல் பயணப்படுகிறது. ஒரு காவலர் வேண்டுகோள் கடிதத்தோடு உடலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்று மருத்துவரிடம் அடையாளம் காட்டுகிறார். பரிசோதனை முடிந்ததும் உடலில் இருந்த உடைகளைப் பெற்றுக் காவல் ஆய்வாளரிடம் சேர்க்கிறார். உடலை உறவினரிடம் கொடுத்துக் கையொப்பமும் வாங்குகிறார். நகங்களுக்கடியில் எதிராளியின் தோலோ இரத்தமோ இருக்கலாம் என்பதால் இறந்தவரின் கைகளைக் காகித உறையால் மூடுவதும் (நெகிழிப்பை ஈரத்தைத் தேக்கித் தடயத்தைக் கெடுக்கும்), இரசாயனப் பரிசோதனைக்கான உள்ளுறுப்புகளைச் செறிந்த உப்புக் கரைசலில் இட்டு முத்திரை வைப்பதும் இந்தப் பயணத்தின் பகுதிகளே. மற்றொன்றும் முக்கியம். சூரியன் மறைந்த பின்னும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் அனுமதித்தபோது, கொலை வழக்குகளுக்கு, சட்டம் ஒழுங்குச் சூழல் கோரினாலன்றி, அந்த அனுமதியைத் தரவில்லை. ஆகவே மாலையில் வந்து சேரும் உடல் இரவு முழுவதும் பிணவறையில் இருப்பது இயல்பு. அந்த இரவில் உடல் யாருடைய பொறுப்பில் இருந்தது என்பதற்கும் எழுத்தில் விடை இருக்க வேண்டும்.

இங்கேதான் ‘ஒப்படைப்புத் தொடர்’ போதாமல் போகிறது. அது கைமாறும் கணங்களை மட்டும் சொல்கிறது. இரண்டு கைமாற்றங்களுக்கு இடைப்பட்ட இருப்பை, அதாவது குறுக்கு விசாரணையில் பெரும்பாலும் கேள்விக்குள்ளாகும் பகுதியை, விட்டுவிடுகிறது. ‘காவல் சங்கிலி’ என்பதைக் கேட்பவர் கைதிக்குப் பூட்டிய விலங்கு என்றே எண்ணுவார். ‘பொறுப்புச் சங்கிலி’ அதிகாரிகளின் மேல்கீழ் வரிசையைக் குறிப்பதாகப் படும்.

என் பரிந்துரை ‘வசத்தொடர்’. ‘பொருள் யார் வசம் இருந்தது’, ‘ஆய்வாளர் வசம் ஒப்படைத்தேன்’ என்று சாட்சிக் கூண்டில் நின்று காவலர் ஏற்கெனவே சொல்லிவரும் சொல் அது. இருப்பு, கைமாற்றம் இரண்டையும் தாங்குகிறது. வடமொழி வேர் என்ற மறுப்பு வரும் என்பதை அறிவேன். தனித்தமிழ்ச் சொல்லாக்கத்தில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் ‘மகஜர்’ (சாட்சிகள் முன்னிலையில் காவலர் எழுதும் பதிவு), ‘பிரேதம்’ ஆகியவை அன்றாடம் புழங்கும் ஓர் ஆவணத்தில், எழுதுபவர் தயக்கமின்றிக் கையாளும் சொல்லே பிழையற்ற பதிவுக்கு உதவும் என்று உறுதியாகக் கருதுகிறேன். ஒரு குற்றவாளி தப்புவதும் ஒரு நிரபராதி சிக்குவதும் அந்தப் பதிவைப் பொறுத்திருக்கின்றன.

இதில் அவசரமும் உண்டு. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நிகழ்ந்த இரட்டைக் கொலை வழக்கில், தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை 2025 ஜூலையில் விடுவித்த உச்ச நீதிமன்றம், மரபணு மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும், விசாரணை நீதிமன்ற அனுமதியின்றி உறையைத் திறக்கவோ மீண்டும் முத்திரையிடவோ கூடாது, எடுத்தது முதல் வழக்கு முடியும்வரை ‘செயின் ஆஃப் கஸ்டடி’ பதிவேடு ஒன்றைப் பேண வேண்டும் என்று நாடு முழுமைக்கும் பணித்தது. நாம் சொல் தராவிட்டால் அந்தப் பதிவேட்டின் தலைப்பு ஒலிபெயர்ப்பாகவே நிலைத்துவிடும்.

‘வசத்தொடர்ப் பதிவேடு’ என்ற தலைப்பின் கீழ் ‘யாரிடமிருந்து’, ‘யார் வசம்’, ‘நாளும் நேரமும்’, ‘வைப்பிடம்’, ‘முத்திரையின் நிலை’ எனப் பத்திகள் அமையலாம். இறந்தவரின் உடலுக்கு ‘வைப்பிடம்’ என்ற சொல் மரியாதைக் குறைவாகப் படுவதால், அங்கு ‘உடல் இருந்த இடம்’ என்றே எழுத வேண்டுமென விரும்புகிறேன். பதிவேட்டின் ‘வைப்பிடம்’ என்ற இந்த ஒரு பத்தியைப் பற்றியேனும் நீதிமன்ற அனுபவமுள்ள நண்பர்கள் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.