புது பேட்டரி போட்டும் காலையில் செல்ப் எடுக்கவில்லை

உசிலை லோடு வண்டி:
பழைய டீசல் வண்டி, கயிறு இழுத்துதான் இன்ஜினை நிறுத்துவோம். விடியக்காலை மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிப் போகணும். பேட்டரி புதுசு, இருந்தும் ராத்திரி நிறுத்தினால் காலையில் செல்ப் 'டக் டக்'தான். தள்ளி எடுத்துவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. மெக்கானிக் வண்டி ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இன்ஜின் நிற்கவில்லை, டைனமோ நல்லா இருக்கு, பேட்டரிதான் சரியில்லை என்கிறார். மறுபடியும் பேட்டரியா அண்ணே?

திருமங்கலம் வயரிங்:
தம்பி, முதலில் அந்தச் சோதனையை இனி யாரையும் செய்ய விடாதீங்க. கயிறு இழுத்து நிறுத்துகிற டீசலுக்கு ஓட ஆரம்பித்த பிறகு கரண்டே வேண்டாம், டைனமோ செத்திருந்தாலும் ஓடும், அப்புறம் அதில் என்ன தெரியும்? ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் வோல்டேஜ் சட்டென்று எகிறும், அதைத் தாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாததால் டயோடு, வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற கட் அவுட் எல்லாம் போகலாம். மீட்டர் வையுங்க. வண்டி நின்று சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரணும், ஹெட்லைட் போட்டாலும் 13.5க்குக் கீழே போகக்கூடாது. 15ஐத் தாண்டினால் கட் அவுட் போச்சு, பேட்டரித் தண்ணி கொதித்து வற்றிவிடும்.

மேலூர் டிராக்டர்:
பெல்ட்டையும் பாருங்க, லைட் போட்டதும் கீச்சென்று கத்தினால் லூஸ். பாடி எர்த் வயர் பச்சை பூத்திருந்தாலும் இதே கதைதான்.

உசிலை லோடு வண்டி:
பெல்ட், எர்த் இரண்டும் சரி. ஓடும்போது 14.1, லைட் போட்டால் 13.7. ராத்திரி நிறுத்தி வைத்துப் பார்த்ததில் 12.6, காலையில் 11.7. இன்னொன்று, விடியக்காலைக் குளிரில் டைனமோவைத் தொட்டால் லேசாகச் சூடு.

திருமங்கலம் வயரிங்:
அந்தச் சூடுதான் ஆதாரம். நாம டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது ஏசி கரண்ட், அதை டிசியாக மாற்றுவது டயோடு. வண்டி நின்ற பிறகு பேட்டரி கரண்ட் திரும்பி உள்ளே போகாமல் தடுப்பதும் அதே டயோடுதான். அது கசிந்தால் ராத்திரி முழுக்க பேட்டரி டைனமோவுக்குள்ளேயே வடியும். இன்று ராத்திரி பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, டைனமோவின் தடித்த வயரைப் பிரித்து டேப் சுற்றுங்க, எர்த்தைத் திரும்ப மாட்டுங்க. காலையில் செல்ப் எடுத்தால் டயோடு பிளேட் மாற்றினால் போதும். ஸ்டார்ட் பண்ணின உடனே நிறுத்திவிடுங்க, வயரைப் பழையபடி மாட்டாமல் ஓட்டாதீங்க.

உசிலை லோடு வண்டி:
எடுத்திருச்சு அண்ணே, ஒரே சுற்றில். லோடு இறக்கிவிட்டு டைனமோவைக் கழற்றி எடுத்து வர்றேன், கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?