ஓடுகிற புரோகிராமுக்குத் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

பாலி_மாணவி:
ஜூரோங்கில் ஒரு கிடங்கில் இன்டர்ன்ஷிப் செய்கிறேன். சி-யில் எழுதிய ஒரு சின்ன புரோகிராமை ராத்திரி 2 மணிக்கு க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓட்ட வேண்டும், செட்டிங்ஸ் ஃபைல் அதே டைரக்டரியில்தான் இருக்கிறது. அங்கே போய் நானே ஓட்டினால் சரியாக ஓடுகிறது, க்ரான் ஓட்டினால் ஃபைலைக் காணோம் என்று நின்றுவிடுகிறது. புரோகிராமுக்கு அதன் பெயராக வந்து சேரும் ஆர்க்வி[0]-இல் பார்த்தால், முழுப் பாத் (ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரி) கொடுத்து ஓட்டும்போது மட்டும் பாத் வருகிறது, இல்லாவிட்டால் வெறும் பெயர்தான். லினக்ஸ்தான், ஆனால் விண்டோஸிலும் வேண்டும் என்கிறார் சூப்பர்வைசர். நம்பகமான வழி உண்டா?

உட்லண்ட்ஸ்_அண்ணன்:
தங்கச்சி, க்ரான் உங்கள் ஹோம் டைரக்டரியில் இருந்துதான் புரோகிராமைக் கிளப்பும், அதனால் அங்கேதான் ஃபைலைத் தேடுகிறது. ஆர்க்வி[0]-ஐ நம்பவே நம்பாதீர்கள். புரோகிராமைக் கிளப்பும் எக்ஸெக் ஃபங்ஷனை அழைப்பவர் எதை எழுதி அனுப்பினாலும் அதுதான் வரும், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சரிபார்ப்பதில்லை. கெர்னலையே கேளுங்கள்: /ப்ராக்/செல்ஃப்/எக்ஸி என்ற லிங்கை ரீட்லிங்க் ஃபங்ஷன் வைத்துப் படித்தால் முழுப் பாத் வரும். ஒன்று மட்டும், ரீட்லிங்க் கடைசியில் எழுத்துத் தொடர் முடிவதைக் காட்டும் பூஜ்ஜிய பைட் போடாது, திரும்பி வரும் நீளத்தைப் பார்த்து நீங்கள்தான் போட வேண்டும், எனக்கு ஒரு முழு ராத்திரி இதில் போயிருக்கிறது. விண்டோஸில் கெட்மாட்யூல்ஃபைல்நேம் ஃபங்ஷன், அதற்குக் கொடுக்கும் முதல் மதிப்பு நல் (NULL, அதாவது வெற்று). பாத்தை வாங்கி வைக்க 260 எழுத்துப் பஃபர் போதும் என்று நினைக்காதீர்கள், நீளமான பாத் வெட்டுப்படும்.

தேக்கா_கோடர்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே இதையும் கவனியுங்கள்: சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) வழியாக ஓட்டினாலும் /ப்ராக் உண்மையான ஃபைலின் இடத்தைத்தான் சொல்லும். அப்புறம், புரோகிராம் ஓடும்போதே யாராவது புதிய பதிப்பை அதன் மேல் மாற்றி வைத்தால், பாத்தின் வாலில் 'நீக்கப்பட்டது' என்று பொருள்படும் சொல் அடைப்புக்குறிக்குள் ஒட்டிக்கொள்ளும். அதனால் தொடக்கத்திலேயே ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். மேக்கில் /ப்ராக் கிடையாது, அதற்குத் தனி ஃபங்ஷன் இருக்கிறது.

கிளமெண்டி_அக்கா:
செட்டிங்ஸை எதற்குப் புரோகிராமுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்? நாளைக்குப் புரோகிராமை எல்லோருக்கும் பொதுவான /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் டைரக்டரியில் போட்டால் அங்கே செட்டிங்ஸ் ஃபைலைப் போட்டு வைக்க நிர்வாகி விடமாட்டார். க்ரான் வரியிலேயே ஃபைலின் முழுப் பாத்தைக் கொடுத்துவிடுங்கள், அடுத்து வருகிறவருக்கும் பார்த்த உடனே புரியும்.

பாலி_மாணவி:
அக்கா சொன்னபடி பாத்தைக் கொடுத்தால் அதை எடுக்கும், கொடுக்காவிட்டால் ரீட்லிங்க் என்று மாற்றிவிட்டேன். ராத்திரி 2 மணி ஓட்டம் முடிந்து லாக் ஃபைல் வந்திருக்கிறது. விண்டோஸை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.