மைக்ரோசாஃப்டின் லினக்ஸ் ஆதரவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: அம்பத்தூர்வாசி

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் சிறு நிறுவனத்தின் கணக்கு, சரக்கிருப்பு விவரங்கள் அனைத்தும் விண்டோஸ் சர்வரில் இயங்கும் எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் தரவுத்தள மென்பொருளில் உள்ளன. புதிய சர்வர் வாங்கவிருக்கும் இவ்வேளையில், அதே தரவுத்தளத்தை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவலாம் என்கிறார் எங்கள் கணினிப் பராமரிப்பாளர். 2001இல் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அந்த நிறுவனம் தரும் லினக்ஸ் பதிப்பு நாளையே கைவிடப்படாது என்று எதை வைத்து நம்புவது?

மறுமொழி: தரமணிக்காரன்

ஐயா, பேச்சை விட்டுவிட்டு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2009 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் தனது ஹைப்பர்-வி மென்பொருளுக்கான இயக்கிகளின் ஏறத்தாழ 20,000 வரி நிரலை, நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் விடும் ஜிபிஎல் உரிமத்தில், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு அளித்தபோது, அதைப் பெருந்தன்மை என்று பலர் கொண்டாடினார்கள். அந்த இயக்கிகளில் ஏற்கெனவே ஜிபிஎல் நிரலும் கலந்திருப்பதை, அதாவது அவற்றை மூடி வைத்து வினியோகிக்க அந்த உரிமம் இடம் தராததை, வெளியிலிருந்த ஒரு பொறியாளர் கண்டுபிடித்துச் சொன்ன செய்தி பிறகுதான் வெளிவந்தது. 2012இல் மைக்ரோசாஃப்டின் இணையவழிக் கணினி வாடகைச் சேவையான அஷ்யூரில் லினக்ஸ் மெய்நிகர் கணினிகள் வாடகைக்கு வந்தன. 2014இல் சத்யா நாதெல்லா தலைமைப் பொறுப்பேற்றார். மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது என்று அவர் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். இன்று அஷ்யூரில் ஓடுவனவற்றில் பாதிக்கு மேல் லினக்ஸ் என்பதால், வாடிக்கையாளர் எந்த இயங்குதளத்தை வைத்திருந்தாலும் வாடகை அவர்களுக்கே போய்ச் சேர்கிறது. 2016இல் அறிவிக்கப்பட்டு 2017இல் வெளியான லினக்ஸ் எஸ்க்யூஎல் சர்வரும் இந்தக் கணக்கில் பிறந்ததே. அதைக் கைவிட்டால் நட்டம் அவர்களுக்குத்தான்.

மறுமொழி: வேளச்சேரி

லினக்ஸில் ஓடுவதாலேயே எஸ்க்யூஎல் சர்வர் திறமூல மென்பொருள் ஆகிவிடாது. நிரல் மூடியே இருக்கிறது, உரிமக் கட்டணமும் உண்டு. விண்டோஸ் சர்வருக்கான தொகை மட்டுமே மிச்சமாகும். அறிக்கைகள் தயாரிக்கும் அதன் துணை மென்பொருளான ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் லினக்ஸில் இயங்காது என்பதையும் கவனியுங்கள்.

மறுமொழி: பழைய மயிலாப்பூர்க்காரர்

தரமணி நண்பர் சொல்வது சர்வர் வரைக்கும் சரி. மேசைக் கணினியில் நிலைமை வேறு: மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பிறகும், விண்டோஸின் பிடி தளரவில்லை. அங்கே மைக்ரோசாஃப்ட் தந்த, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் கூட, லினக்ஸ் தேவைப்படும் நிரலாளரை விண்டோஸை விட்டு வெளியேறாமல் வைத்துக்கொள்ளும் ஏற்பாடாகவே எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம், 2009இல் ஃபேட் என்ற கோப்புச் சேமிப்பு முறையின் காப்புரிமைகளைக் காட்டி, லினக்ஸைப் பயன்படுத்திய வழிகாட்டிக் கருவி நிறுவனமான டாம்டாம் மீது வழக்குத் தொடுத்தவர்கள், 2018இல் 60,000க்கும் மேற்பட்ட காப்புரிமைகளுடன் லினக்ஸ் மீது காப்புரிமை வழக்குத் தொடுப்பதில்லை என்று உறுப்பினர்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சேர்ந்ததை நான் சிறிய மாற்றமாகக் கருதவில்லை. வாக்குறுதியைக் காட்டிலும் அத்தகைய ஒப்பந்தம் கெட்டியானது. தங்கள் தரவு ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் சிக்கிவிடக்கூடாது என்பதே கவலையென்றால், திறமூலத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு மாறுவதற்கான செலவையும் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

கேட்டவர்: அம்பத்தூர்வாசி

மூவருக்கும் நன்றி. மாத அறிக்கைகள் முழுவதும் ரிப்போர்ட்டிங் சர்வீசஸில்தான் தயாராகின்றன. பராமரிப்பாளர் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அறிக்கைகளுக்கென்று ஒரு விண்டோஸ் கணினியைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று அவரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.