லூப் ஆண்டெனாவுக்கு ‘அலைவளை’: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம். ஹாம் வானொலியில், அதாவது பொழுதுபோக்காகத் தனிநபர்கள் நடத்தும் வானொலி நிலையங்களில், பயன்படும் கருவிகளுக்குத் தமிழ்ச்சொல் பட்டியல் ஒன்று போடுகிறோம். அதில் இப்போது பேசுவது லூப் ஆண்டெனா: ஒரு குழாயை வளையமாக வளைத்து, இரு முனைகளுக்கு நடுவே மின்தேக்கி வைத்தது. ஆங்கிலத்தில் ‘மேக்னடிக் லூப்’ என்பதால் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> காந்த வளைய அலைவாங்கி என்று வைத்துக்கொள்ளலாமே. ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்ச்சொல் இருக்கிறதே.

நேர்ச்சொல் இருக்கிறது. ஆனால் இதைச் சொந்தமாகக் கட்டி, தூக்கிக்கொண்டு நடந்து, மேட்டில் நின்று பேசப்போகிறவருக்கு அந்தப் பெயர் இரண்டு இடத்தில் தப்பு வழி காட்டும். அதனால் வேறொரு சொல்லை முன்வைக்கிறேன்: அலைவளை. கைவளை, சங்குவளை என்கிறோமே, அந்த வரிசையில்.

‘வாங்கி’யை முதலில் பார்ப்போம். கூரைமேல் தொலைக்காட்சிக்காக நின்ற ஏரியலுக்கு அலைவாங்கி பொருத்தமான பெயர். அது வாங்க மட்டுமே செய்தது. ஹாம் நிலையத்தில் அதே கம்பிதான் அனுப்புகிறது, அதேதான் கேட்கிறது. எந்தத் திசையில் நன்றாகக் கேட்குமோ அந்தத் திசையில்தான் நன்றாக அனுப்பும். வாங்குவதா வீசுவதா என்பதைப் பெயருக்குள் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

‘காந்த’ இன்னும் சிக்கலானது. வளையத்தில் பெரிய மின்னோட்டம் ஓடுவதால் அதன் அருகே காந்தப்புலம் ஓங்கி நிற்கிறது என்பது உண்மை. ஆனால் சில அலைநீளம் தள்ளிப் போய் அளந்தால், மின்புலமும் காந்தப்புலமும் எல்லா ஆண்டெனாவுக்கும் பொதுவான அதே 377 ஓம் விகிதத்தில்தான் இருக்கும். போய்ச் சேர்வது சாதாரண மின்காந்த அலை. கிட்டத்திலும்கூட, வளையத்தின் இரு முனைகளுக்கு நடுவே இருக்கும் மின்தேக்கியில் நிற்பது கடுமையான மின்புலம்.

எவ்வளவு கடுமை என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 1 மீட்டர் விட்டமுள்ள வளையம், 10 மில்லிமீட்டர் செம்புக்குழாய், 14.2 மெகாஹெர்ட்ஸ். சுற்றளவு 3.14 மீட்டர், அதாவது அலைநீளத்தில் சுமார் 0.15 பங்கு. கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் ஆற்றலுக்குக் கணக்கு காட்டும் தடை, 0.1 ஓம்கூட முழுதாக வராது. குழாயின் மேற்பரப்பில் மட்டும் மின்னோட்டம் ஓடுவதால் வரும் இழப்புத் தடையும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆக நாம் கொடுக்கும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி வெளியே போகும், மீதி குழாயைச் சூடாக்கும். வெறும் 5 வாட் கொடுத்தாலே வளையத்தில் 5 ஆம்பியர் ஓடும், மின்தேக்கியின் தகடுகளுக்கிடையே 1,300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பெயரில் ‘காந்தம்’ என்று மட்டும் கேட்ட புதியவர் அந்த இடத்தில் சாதாரணமாகக் கை வைத்துவிடுவார்.

அதே வளையத்தை 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கதிர்வீச்சுத் தடை 0.006 ஓம் ஆகிவிடும். அப்போது வெளியேறுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு சிறிய தடையோடு வேலை செய்யும்போது ஒவ்வொரு இணைப்பும் கணக்கில் வரும். 14.2 மெகாஹெர்ட்ஸில் ஏதோ ஒரு திருகு இணைப்பில் 0.1 ஓம் கூடினால் போதும், கொடுத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே வெந்துபோகும். எடைக்குப் பயந்து, மடித்துப் பையில் வைக்க வசதியாகக் குழாயைப் பல துண்டாக வெட்டுகிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடந்து போகிறவருக்குத் தடிமனான கோஆக்சியல் கேபிளின் (நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள கேபிள்) வெளிப்பின்னலே நல்ல சமரசம். சுருட்டலாம், எடை குறைவு, நடுவில் இணைப்பு கிடையாது. செம்புக்குழாயைவிட இழப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஒரு கலைச்சொல் தனியாக நின்றால் போதாது, அதை வைத்து அடுத்த சொற்கள் பிறக்க வேண்டும். ‘வளை’ இதற்கு நன்றாக இடம் தருகிறது. கதிர்வீசும் பெரிய வளையத்துக்குப் பெருவளை. அதற்குள், மின்தேக்கிக்கு எதிர்ப்பக்கத்தில், விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்காக வைக்கிறோமே, வானொலியிலிருந்து வரும் கேபிள் சேரும் சிறு வளையம், அதற்கு ஊட்டுவளை. பெருவளையோடு அதற்குக் கம்பித் தொடர்பே தேவையில்லை, காந்தப்புலம் வழியாகவே ஆற்றலை ஊட்டுகிறது. சுற்றளவு முழு அலைநீளம் இருக்கும் பெரிய கம்பி வளையங்களும் லூப் என்றே அழைக்கப்படுகின்றன. அவற்றின் நடத்தை முற்றிலும் வேறு, மின்தேக்கியும் தேவையில்லை. அவற்றை முழுவளை என்றும், கால் அலைநீளத்துக்குக் குறைந்தவற்றைச் சிறுவளை என்றும் பிரித்துவிடலாம். ‘காந்த வளைய அலைவாங்கி’யிலிருந்து இந்தக் குடும்பத்தைப் பிறப்பித்துப் பாருங்கள், வாய்க்குள் அடங்காது.

> நடந்துகொண்டே பயன்படுத்துவதற்குத் தோள்வளை என்றால் அழகாக இருக்கும்.

அழகாக இருக்கிறது, ஏற்கெனவே அணிகலனுக்கு உள்ள பெயர் என்பதால் காதுக்கும் பழக்கம். ஆனாலும் இதை ஏற்க வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். தோளில் மாட்டிக்கொண்டு, தலையை வளையத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டே அனுப்பலாம் என்று அந்தப் பெயர் சொல்லிக்கொடுக்கிறது. 5 ஆம்பியர் இடைவிடாமல் ஓடும் வளையத்துக்குள் இருக்கும் காந்தப்புலம், பொதுமக்களுக்கான பன்னாட்டுப் பரிந்துரை வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். ஆற்றல் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று இங்கே எண்ணக் கூடாது. தோளில் சுமந்து போகலாம், கேட்டுக்கொண்டே நடக்கலாம். அனுப்பும்போது கீழே நட்டுவிட்டு இரண்டு மூன்று மீட்டராவது தள்ளி நிற்பதே முறை. எடுத்துச்செல்லும் தன்மையை நிலையத்தின் பெயரில் வைத்துக்கொள்வோம், ஆண்டெனாவில் வேண்டாம். நடைநிலையம் என்பது என் பரிந்துரை. அதில் நீண்ட குச்சி ஆண்டெனா இருக்கலாம், பின்னால் தரையில் இழுபடும் கம்பி இருக்கலாம், அலைவளையும் இருக்கலாம். தரைக்கம்பி எதுவும் தேவைப்படாததுதான் அலைவளையின் பெரிய வசதி.

‘வளை’ என்றால் எலிவளையும்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். முன்னால் ‘அலை’ இருக்கும்போது அந்தக் குழப்பம் வராது. ‘வளை’ வட்டத்தைத்தானே குறிக்கும், சதுரமாகக் கட்டினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. 1967-ல் கென்னத் பாட்டர்சன் அமெரிக்க ராணுவத்துக்கான வளையத்தை விவரித்தபோது அது எண்கோணமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரே நீளக் குழாயில் அதிகப் பரப்பைச் சூழ்வது வட்டம்தான், கதிர்வீச்சுத் தடையோ அந்தப் பரப்பின் இருமடியைப் பொறுத்தது. எண்கோணம், சதுரம் எல்லாம் வட்டத்துக்கு ஈடு கொடுக்கும் முயற்சிகளே. பெயர் வட்டத்தைக் குறித்தால் நல்லதுதான்.

வளையத்தின் அச்சுத் திசையில், அதாவது அதன் முகத்துக்கு நேரே, சமிக்ஞை ஏறக்குறைய மறைந்துபோகும் இடத்துக்குச் சுழித்திசை (சுழி என்றால் பூஜ்யம்) என்று இங்கே வந்த முன்மொழிவு எனக்குச் சம்மதம். நடைபாதை திரும்பும்போதெல்லாம் இதுவும் சேர்ந்து திரும்பும் என்பதால் அடிக்கடி தேவைப்படும் சொல்.

இன்னும் தீராதது, வளையத்தை வேண்டிய அதிர்வெண்ணுக்கு ஒத்திசைக்கத் திருப்பும் மின்தேக்கியின் பெயர். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சொல்லும் ‘கேங் கண்டன்சர்’ எல்லோருக்கும் புரியும், அதை ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அலைவளைக்கு உகந்தது அதில் ஒரு தனி வகை. நிலையான தகடுகள் இரண்டு தொகுதியாக எதிரெதிரே நிற்க, நடுவில் சுழலும் தகடுகள் இரண்டையும் ஒருசேர மூடித் திறக்கும். உரசும் முனை வழியாக மின்னோட்டம் போகாததால் அங்கே இழப்பு இல்லை. இதை இருசிறகு மின்தேக்கி எனலாமா? மேலே சொன்ன வளையத்துக்கு 14.2 மெகாஹெர்ட்ஸில் வேண்டியது சுமார் 43 பிகோஃபாரட். அதில் 0.06 பிகோஃபாரட் மாறினாலே அதிர்வெண் 10 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும், கிட்டத்தட்ட வளையத்தின் அலையகலம் (ஒரே ஒத்திசைவில் அது நன்றாக வேலை செய்யும் அதிர்வெண் அகலம்) முழுவதும் அவ்வளவுதான். கை நெருங்கினாலே ஒத்திசைவு நழுவுவது இதனால்தான். எனவே குமிழுக்கும் தகட்டுக்கும் நடுவில் வரும் வேகக்குறைப்புப் பல்சக்கரத்துக்கும், மின்கடத்தாத் தண்டுக்கும்கூடப் பெயர் தேவைப்படுகிறது. கட்டிப் பழகியவர்கள் பட்டறையில் இவற்றை என்னவென்று அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள், அந்தச் சொற்களையே பட்டியலில் ஏற்றுவோம்.