புதுப்பிப்பு: முக்காலி இல்லாமல் ஆன்டிலோப் கேன்யன்

அமெரிக்காவின் அரிசோனாவில் பேஜ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பாறைப் பள்ளத்தாக்குக்குள் கேமரா முக்காலி விட மாட்டார்களாம், கையில் பிடித்தே எடுத்தால் படம் தேறுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? போய் வந்தாச்சு. தாராளமாகத் தேறும்.

அது நவாஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் நிலம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே காலே வைக்க முடியாது. எங்களுடன் வந்தவர் முதல் வளைவிலேயே, ஆட்டோ வொயிட் பேலன்ஸை (ஒளிக்கேற்ப நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் அமைப்பு) மாற்றுங்கள் என்றார். ஆட்டோவில் விட்டால், சரிசெய்கிறேன் பேர்வழி என்று கேமரா அந்தச் செம்மஞ்சளை வெளுக்க வைத்துவிடுகிறது. மேகமூட்டத்துக்கான ‘கிளவுடி’ அமைப்புக்கு மாற்றியதும் பாறை கனன்றது, நிழல் விழுந்த மடிப்புகளில் ஊதாகூட எட்டிப் பார்த்தது. மேலே தெரியும் வானக் கீற்றை ஃபிரேமுக்குள் விடவே கூடாதாம். விட்டால் அந்த இடம் வெள்ளைத் திட்டாகிவிடும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, அகலக் கோண லென்ஸ், சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு ஒரு கிளிக். அவ்வளவுதான். பின்னால் கூட்டம் நெருக்கும், நிதானமாக நிற்க விட மாட்டார்கள்.

வெள்ள பயம் பற்றிக் கேட்டவருக்கு: பயம் நியாயமானதுதான். 1997 ஆகஸ்டில் இந்தக் கேன்யனின் கீழ்ப் பகுதியில் (லோயர் ஆன்டிலோப்) திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்ததோ தொலைவில், மேட்டுப் பகுதியில். இப்போது வானிலை சரியில்லை என்றால் பயணத்தையே ரத்து செய்துவிடுகிறார்கள்.

அப்புறம், உள்ளே லென்ஸ் மாற்றும் எண்ணமே வேண்டாம். மேலிருந்து மணல் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கிறது.