கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே வீடு: வளவை உயர்த்துவதா, வீட்டை உயர்த்துவதா?

கரைவாசி (கேள்வி):
வணக்கம். முல்லைத்தீவில் கடலுக்கும் நந்திக்கடல் என்ற கடலோர நீரேரிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் எங்களுக்கு இரண்டு பரப்புக் காணி உள்ளது. அங்கிருந்த வீட்டை 2004 மார்கழி 26 அன்று ஆழிப்பேரலை அத்திவாரத்தோடு கொண்டுபோய்விட்டது. பின்னர் கட்டிய சிறிய வீட்டுக்குள் 2018 மார்கழியில் வெள்ளம் முழங்கால் அளவுக்கு ஏறியது. இப்போது அம்மாவுக்காகப் புதிய வீடு கட்ட நினைக்கிறோம். வளவு முழுவதையும் கிரவல் போட்டு நான்கு அடி உயர்த்தினால் போதும் என்கிறார் மேசன். அது சரியான வழிதானா?

ஓய்வுபெற்ற ஓவசியர்:
வளவு முழுவதையும் உயர்த்த வேண்டாம், தம்பி. கடலைப் பார்த்தபடியே வீட்டைத் திட்டமிடுகிறோம். ஆனால் மாரியில் உங்கள் வளவுக்கு வெள்ளம் பின்புறத்திலிருந்துதான் வருகிறது. பேராறும் சிற்றாறுகளும் கொண்டுவரும் நீர் நந்திக்கடலை நிரப்பி, வட்டுவாகல் முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டுப்படும் வரை தேங்கி நிற்கிறது. தாழமுக்கத்தால் கடல் மட்டமும் உயர்ந்திருக்கும் நாட்களில், முகத்துவாரம் திறந்த பிறகும் அது மெதுவாகவே வடிகிறது. அந்த நீர் கடந்துபோகும் வழியில் நீங்கள் நான்கு அடி கிரவலைக் கொட்டினால் அது அயல் வளவுக்குள் திரும்பும். அயலவரை மூழ்கடித்துப் பெறும் பாதுகாப்பை நான் பாதுகாப்பென்று ஏற்கமாட்டேன்.

வீட்டை மட்டும் கொங்கிறீற்றுத் தூண்களில் உயர்த்துங்கள். 2018 வெள்ளக் குறிக்கு மேல் குறைந்தது இரண்டடி உயரத்தில் வீட்டுத் தரை அமையட்டும். கீழ்ப்பகுதியைச் சுவர் வைத்து அடைக்காமல் நீர் ஊடறுத்துச் செல்ல விடுங்கள். ஓடும் நீர் அடிமணலை அரித்தெடுப்பதால் ஆழமற்ற அத்திவாரம் இங்கே நிற்காது. ஆழமாக இறக்கி, தூண்களைக் கொங்கிறீற்று வளைகளால் (பீம்களால்) ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். கடற்கரை மணலையும் உவர்க் கிணற்று நீரையும் கொங்கிறீற்றில் சேர்க்கவே கூடாது, ஏனெனில் உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, துரு பருத்து, கொங்கிறீற்றை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றர் கொங்கிறீற்று மூடல் இருக்கட்டும். 2004 போன்ற அலையை எந்த வீடும் தடுக்காது. எச்சரிக்கை வந்தால் அம்மாவை அழைத்துக்கொண்டு உள்நாட்டுக்குப் போய்விடுங்கள்.

தாழம்பூ:
ஓவசியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2018இல் எங்கள் வீட்டுத் தரை நனையவில்லை, ஆனால் மலக்குழி நிரம்பிக் கிணறு கெட்டது; பல நாட்கள் தண்ணீருக்கு அலைந்தோம். மலகூடத்தையும் வீட்டின் உயரத்திலேயே கட்டி, குழியைக் கிணற்றிலிருந்து வளவு அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளி, மூடி இறுகிய தொட்டியாக அமையுங்கள். கிணற்றுக் கட்டையும் வெள்ளக் குறிக்கு மேல் உயர்த்துங்கள். அம்மாவுக்காகப் படிகளைத் தாழ்வாகவும் அகலமாகவும் வைத்து, பிடிமானக் கம்பி போடுவதும் அவசியம்.

கைமரம்:
காற்றையும் மறக்க வேண்டாம். 2020 மார்கழி 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. நான்கு பக்கமும் சரிந்த கூரை, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இருந்தால், காற்றை நன்றாகத் தாங்கும். விறாந்தைக் கூரையைத் தனியாகப் போடுங்கள்; அது பிய்ந்தாலும் வீட்டுக் கூரை தப்பும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதானால், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முதலில் பெறுங்கள்.

கரைவாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கிரவலுக்குச் சொன்ன லொறிகளை நிறுத்திவிட்டேன். பழைய வீட்டுச் சுவரில் 2018 வெள்ளத்தின் கறை இன்னும் தெரிகிறது. நாளை அம்மாவையும் அயலவர்களையும் வைத்துக்கொண்டு அந்த மட்டத்தை வளவின் நான்கு மூலைகளிலும் குறித்துவிட்டு, இந்த மாரியில் நீர் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது என்று பார்த்த பின்பே அத்திவாரம் வெட்டுவோம்.