வானொலி வேலை இன்னும் நிறைவு தருகிறதா? வன்னிக்காரர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

முறிகண்டியான்:
முள்ளியவளையில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். பந்தலுக்குள் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்த ஐயா ஒருவர் தோளைத் தொட்டார். "தம்பி, நீர்தானே ரேடியோவிலை இரவிலை கதைக்கிறனீர்?" குரலை வைத்தே பிடித்துவிட்டார். ஓம் என்றேன். "அண்டைக்கு யானை வந்து வாழையை முறிக்குது. காவல் கொட்டிலுக்கை தனிய நிக்கிறன். ஊருக்குச் சொல்லச் சொல்லி உமக்குத்தான் போன் எடுத்தன். நீர் கதைச்சுக்கொண்டிருக்கிறீர், மணி அடிக்குது, எடுக்கிறீரில்லை. ஏன் தம்பி?"

அந்த நேரம் நான் வீட்டில் நித்திரை. நான் வேலை செய்யும் நிலையத்தில் இரவு நிகழ்ச்சி முழுவதும் கணினியில்தான் ஓடுகிறது. பாட்டுப் பட்டியல், விளம்பரம், "வணக்கம் நேயர்களே" எல்லாவற்றையும் பகலிலேயே பதிந்து ஏற்றிவிடுவோம். கலையகத்தில் ஆள் இல்லை. இதை ஐயாவுக்குச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அப்ப ஆரும் இல்லையோ" என்று மட்டும் கேட்டார்.

சூரியன் எஃப்எம், சக்தி எஃப்எம் வானொலிகள் 1998இல் தொடங்கிய காலத்தில், நேயர் தொலைபேசியில் வந்து கதைப்பதைக் கேட்டுத்தான் எனக்கு இந்த வேலையில் ஆசை வந்தது. இன்று அந்த ஆசைக்கு இடம் இருக்கிறதா? துறைக்குள் இருந்தவர்கள், வெளியே போனவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

குளக்கட்டு:
2018 மார்கழி வெள்ளத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்திருந்த நாட்களில், இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த ஒரு பாடசாலையில் நின்றேன். அப்போது நான் ஒரு வானொலியின் பகுதிநேரச் செய்தியாளர். செய்திக்கு இவ்வளவு என்று தருவார்கள், போன் ரீலோட்டுக்கே காணாது.

எத்தனை குடும்பம் பாதிப்பு, யார் வந்து பார்வையிட்டார்கள் என்று கொழும்பில் இருந்து கேட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு, கண்டாவளைப் பக்கத்தில் எந்த ஊர்ச் சனம் எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்பதையும் வாசிக்க விடுங்கள் என்று மன்றாடினேன். விட்டார்கள். மறுநாள் உழவு இயந்திரத்தில் ஒருவர் வந்து இறங்கினார். இடுப்புவரை சேறு. "ரேடியோவிலை ஊர்ப்பேர் வாசிச்ச பிள்ளை ஆர்?" என்று கேட்டார். அவருடைய அம்மா கடைசி வகுப்பறையில் பாயில் இருந்தார். அவர் உள்ளே போனதும் நான் அழுதுவிட்டேன்.

அந்த வானொலிக்கு இன்று வன்னியில் செய்தியாளரே இல்லை. முகநூலில் பார்த்து வாசிக்கிறார்கள். ஆகவே முறிகண்டியான், பிரச்சினையைக் கணினியில் போடாதீர்கள். ஊரில் ஆள் வைக்காததுதான் பிரச்சினை.

மல்லாவிப் பழசு:
குளக்கட்டு, நீங்கள் செய்தது பெரிய வேலை. ஆனால் ஊரில் ஆள் இருந்தால்தான் வானொலி என்பதை நான் ஏற்கமாட்டேன்.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். மின்சாரம் கிடையாது. பற்றரி தடைப் பட்டியலில் இருந்த பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். தம்பிதான் பெடலைக் கையால் சுற்றுவான். இரவில் பிபிசி தமிழோசை. முற்றம் நிறையச் சனம். ஒருநாள் எங்கள் பகுதிச் செய்தி வாசிக்கத் தொடங்கும் நேரம் தம்பியின் கை சோர்ந்துவிட்டது. குரல் இழுபட்டு அடங்கிப் போகிறது. "சுத்தடா, சுத்தடா!" என்று முற்றமே கத்தியது. யாரோ அவனைத் தள்ளிவிட்டுத் தாங்கள் சுற்றினார்கள். அதற்குள் செய்தி முடிந்துவிட்டது. என்ன சொன்னார்கள் என்று அந்த இரவு முழுவதும் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தோம்.

அந்தக் குரல் லண்டனில் இருந்து வந்தது. சொன்ன நேரத்துக்கு வந்தது, சரிபார்த்துச் சொன்னது. அதனால்தான் நம்பினோம். 2017 ஏப்ரல் முடிவில் தமிழோசையின் வானொலிச் சேவையே நின்றுவிட்டது. இன்று வானொலியை நம்பி இருக்கும் சனம் யார்? யாரும் இல்லை. பெடல் சுற்றிய தம்பி இப்போது கனடாவில் ஒரு தமிழ் வானொலியில் ஒலிப்பதிவு வேலை. இதில் விருப்பம் உள்ள பிள்ளைகள் வெளியே பார்ப்பதுதான் நல்லது.

புதுக்குடியிருப்புப் பெடியன்:
வெளியே போகத் தேவையில்லை, அண்ணை.

ஊடகக் கற்கை முடித்த கையோடு கொழும்பில் ஒரு தனியார் நிலையத்துக்குக் குரல் தேர்வுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர். வாசித்து முடித்ததும் ஹெட்போனுக்குள் அவர் குரல் வந்தது: "தம்பி, குரல் நல்லாயிருக்கு. இந்த ஊர் இழுவையை விட்டிட்டுச் சென்னை எஃப்எம் மாதிரித் துள்ளிக் கதையுங்கோ பாப்பம்." காதுக்குள்ளேயே வந்ததால் தலைக்குள் யாரோ நின்று சொல்வது போல் இருந்தது. "எனக்கு அப்பிடி வராது, சேர்" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். இன்றும் இரவில் அந்தக் குரல் கேட்கும்.

இப்போது கிழமைக்கு ஒரு தடவை நெற்செய்கை பற்றிச் சின்ன ஒலிப்பதிவு செய்து வாட்ஸப் குழுக்களில் போடுகிறேன். நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்திப் பூச்சி வந்த நேரம் துணுக்காயில் இருந்து ஒரு அம்மா குரல் செய்தி அனுப்பினார், வயலுக்குள் நின்று, பயிரைத் தட்டும் சத்தத்தோடு. அதை அப்படியே விவசாயப் போதனாசிரியருக்குப் போட்டுக் காட்டி, அவர் சொன்ன பதிலையும் சேர்த்து வெளியிட்டேன். அதுதான் எனக்கு வானொலி. வருமானம் இல்லை. பகலில் தொலைபேசிக் கடையில் நிற்கிறேன்.

வற்றாப்பளை வாசி:
என் கதை சின்னது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் ஒலிபெருக்கி அறிவிப்புச் செய்வேன். காணாமல் போன பிள்ளை ஒன்று என் மடியில் இருந்தபடி, ஒலிவாங்கியில் தானே "அம்மா, நான் இஞ்சை நிக்கிறன்" என்றது. அவ்வளவு சனத்துக்குள் தாய் ஓடி வந்தார். அன்றே இந்த வேலைதான் என் வேலை என்று முடிவெடுத்தேன். பிறகு பல நிலையங்களில் இருந்துவிட்டேன்.

பெடியன், நீர் கழற்றி வைத்துவிட்டு வந்தது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே போய் மாற்றியிருக்கலாம். கே. எஸ். ராஜாவின் வேகம் வேறு, அப்துல் ஹமீட்டின் நிதானம் வேறு, ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு வேறு. இலங்கை வானொலி நேயர்கள் மூவரையும் கொண்டாடினார்கள். ஒரே அச்சில் வார்க்க வேண்டும் என்பது இடையில் வந்த பழக்கம். அது போகவும் செய்யும்.

சரி, இதை வாசிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அறிவிப்பாளர் வேலை மட்டும் தெரிந்தால் இன்று காணாது. ஒலித்தொகுப்புப் பழகுங்கள். ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். காதுக்கு எழுதப் பழகுங்கள்: ஒரு வசனம், ஒரு விஷயம். விளம்பரப் பிரதி எழுதத் தெரிந்தவருக்கு எந்த நிலையத்திலும் இடம் உண்டு. சிங்களம் படியுங்கள், செய்திப் பிரிவில் உங்கள் பெறுமதி கூடும்.

வீட்டில் பதிவு செய்வதென்றால் மின்விசிறியை நிறுத்துங்கள். உடுப்பு அலுமாரியைத் திறந்து அதற்கு முன்னால் இருந்து வாசியுங்கள், எதிரொலி அடங்கும். ஒலிவாங்கி வாயில் இருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கும். பதியும்போது மென்பொருள் காட்டும் ஒலியின் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. வன்னியில் மாரி காலத்து இரவுகளை மறந்துவிடுங்கள், தவளைச் சத்தத்தை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. விடிகாலையில் பதியுங்கள்.

அப்புறம் ஒப்பந்தம். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நிரந்தர ஊழியரா, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்ற கணக்கா என்று கேளுங்கள். ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) உங்கள் சம்பளத்தில் 8 வீதமும், நிறுவனம் தன் பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈடிஎஃப்) நிறுவனம் இன்னும் 3 வீதம். இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. உங்கள் குரலைக் கொண்டு செயற்கைக் குரல் செய்யலாமா என்பது. கையெழுத்துக்கு முன் கேட்டு, கூடாது என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நிகழ்த்துநருக்கும் உரிமை உண்டு. செயற்கைக் குரல் வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், நீங்கள் வேலையை விட்டுப் போன பின்னும் உங்கள் குரல் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும்.

முறிகண்டியானுக்கும் ஒன்று. இரவில் கலையகத் தொலைபேசியை ஒரு கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடச் சொல்லி நிர்வாகத்திடம் கேளும். முறை வைத்து ஆட்கள் மறுமொழி சொல்லலாம். ஆபத்து என்றால் கணினியை இடைநிறுத்தி அறிவிக்க வழி இருக்கிறது.

கோபுரத்தடி:
மல்லாவி அண்ணை, நம்பி இருக்கும் சனம் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. நான் ஒரு வானொலிப் பரப்பிக் கோபுரத்தின் தொழில்நுட்பவியலாளர். கைத்தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரி இறங்கி, எங்கள் பக்கத்தில் ஒன்றொன்றாகச் சிக்னல் போய்க்கொண்டிருந்தது. எங்களிடம் ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் இருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் சின்னக் கானில் டீசல் கொண்டு வந்து வாசலில் நின்றார். தன் படகுக்கு வைத்திருந்தது. "காலநிலை அறிவிப்பு வாசிக்கும் மட்டுமாவது ஓடட்டும் அண்ணை, எங்கடை ஆக்கள் கடலிலை நிக்கினம்" என்றார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒலிவாங்கியைப் பற்றியே எழுதுகிறீர்கள். பண்பலை அலை நேர்கோட்டில் போவது. வன்னி தட்டை நிலம், கோபுரம் உயர உயரக் கேட்கும் தூரமும் கூடும். அந்த அன்டெனா, கேபிள், இடிதாங்கி எல்லாவற்றையும் யாராவது பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த யாராவது எல்லாருக்கும் வயதாகிவிட்டது. இலத்திரனியல் படித்த பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள், அல்லது தொலைபேசி நிறுவனங்களுக்கு. எனக்கு இந்த வேலையில் நிறைவு உண்டு, சம்பளமும் மோசமில்லை. உயரத்துக்குப் பயம் இல்லாத, சோல்டரிங் தெரிந்த ஒருவர் என்னோடு வந்து பழகலாம். ஆணோ பெண்ணோ பரவாயில்லை. விருப்பம் உள்ளவர்கள் இங்கேயே எழுதுங்கள், நேரே கதைப்போம்.